செத்த படைப்புழு மேல் பச்சை மாவு: பிடுங்கி எரிக்கவா, விட்டுவிடவா?

ஆத்தூர் செல்வம் | நவம்பர் 16, காலை 8:10

எல்லோருக்கும் வணக்கம். தலைவாசல் பக்கம் இரண்டே கால் ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். பயிருக்கு இன்றோடு 38 நாள். படைப்புழு 20 நாளிலேயே வந்துவிட்டது. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம், உள்ளே குருத்துக்கு ஒன்றாகப் புழு. எமாமெக்டின் ஒரு தடவை அடித்தேன், பாதி அடங்கியது. இரண்டாம் தடவைக்கு ஆள் சொல்லி வைத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் விட்டு விட்டுப் பெய்தது.

நேற்று மழை வெறித்ததும் காட்டுக்குள் இறங்கினேன். கீழ்க்காட்டில், வாய்க்கால் ஓரமாக, இருபது முப்பது செடியில் புழு செத்துக் கிடக்கிறது. மருந்துக்குச் சாகிற மாதிரி இல்லை. குச்சி போல விறைத்து இலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலது சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. சிலதின் மேல் இளம்பச்சை மாவு. விரல் பட்டால் மாவு பறக்கிறது. மூன்று படம் போட்டிருக்கிறேன்.

பக்கத்துக் காட்டுக்காரர், "இது ஏதோ நோய், பயிருக்கும் ஏறிவிடும், பிடுங்கி எரித்துவிட்டு மான்கோசெப் அடி" என்கிறார். மருந்து வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். அடிக்கலாமா?

கயல் பூச்சியியல் | நவம்பர் 16, காலை 8:42

செல்வம் அண்ணா, அடிக்காதீர்கள். எரிக்கவும் வேண்டாம். வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், மாலையில் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு இது போதும்: அந்தப் பச்சை மாவுதான் உங்கள் புழுவைக் கொன்றது. அது புழுவைத் தின்னும் பூஞ்சை. மக்காச்சோளத்தை ஒன்றும் செய்யாது.

கரிசல் முத்து | நவம்பர் 16, காலை 10:05

தம்பி, நானும் விளாத்திகுளம் பக்கம் மக்காச்சோளக்காரன்தான். இந்தப் பூஞ்சையை நம்பி ஒரு வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கதிர் வரும் நேரத்தில்தான் அது வந்தது. அதற்குள் குருத்தெல்லாம் ஓட்டை. செத்த புழுவைப் பார்த்து மனசு ஆறலாம், மூட்டை குறைந்தது குறைந்ததுதான். படித்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் காட்டையும் தினமும் பாருங்கள்.

கயல் பூச்சியியல் | நவம்பர் 16, இரவு 7:30

முத்து அண்ணாச்சி சொல்வது உண்மை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இது என்ன, எப்படிப் பரவுகிறது என்று பார்த்துவிடலாம். நான்கு வருடமாக இந்தப் புழுக்களோடும் இந்தப் பூஞ்சையோடும்தான் இருக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

மூன்றாவது படத்தில் இருப்பது பார்வைக்கு மெட்டாரைசியம் ரைலி. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் முடிவாகச் சொல்லலாம், ஆனால் அந்த நிறமும் அந்த விறைப்பும் பழகியவர்களுக்குத் தெரியும். பழைய புத்தகங்களில் நொமுரேயா ரைலி என்று இருக்கும். 2014-இல் மெட்டாரைசியம் பேரினத்துக்குள் சேர்த்துப் பெயரை மாற்றினார்கள். படைப்புழு நம் நாட்டுக்கு 2018-இல்தான் வந்தது, முதலில் பார்த்தது கர்நாடகத்தின் சிவமொக்காவில். ஆனால் பூஞ்சை அதற்கு முன்பே இங்கே இருந்தது. நிலக்கடலையில் புரோடீனியா புழுவையும், பருத்தி, துவரையில் பச்சைக் காய்ப்புழுவையும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. புதிதாக வந்த படைப்புழுவும் அதே குடும்பத்து அந்துப்பூச்சியின் பிள்ளை என்பதால் அதன் மேலும் ஏறிக்கொண்டது.

நீங்கள் தொட்டதும் பறந்த மாவு முழுக்க வித்துகள். ஒரு வித்தின் நீளம் நான்கு மைக்ரான் அளவு. ஒரு மில்லிமீட்டருக்குள் இருநூறுக்கு மேல் வரிசையாக நிற்கும். ஒரே ஒரு செத்த புழுவின் மேல் கோடிக்கணக்கில் இருக்கும்.

இப்போது ஒரு முக்கியமான வித்தியாசம். பாக்டீரியா மருந்தான பிடி-யும், என்.பி.வி வைரஸும் புழுவின் வாய் வழியாக உள்ளே போக வேண்டும். புழு தின்றால்தான் வேலை நடக்கும். பூஞ்சைக்கு அது தேவையில்லை. தோலில் விழுந்தால் போதும். வித்தின் மேல் தண்ணீர் ஒட்டாத ஒரு பூச்சு உண்டு. புழுவின் தோலிலும் மெழுகு. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இலை மேல் கிடக்கும் வித்தின் மேல் புழு ஊர்ந்து போனாலே வயிற்றுப்பக்கம் ஒட்டிவிடும்.

ஒட்டிய வித்து ஈரம் கிடைத்தால் முளைக்கும். மெல்லிய ஒரு குழாய் விட்டு, அதன் நுனியைத் தோலோடு அழுத்தி, ஒரு பக்கம் தோலின் கொழுப்பையும் புரதத்தையும் கைட்டினையும் கரைக்கிற நொதிகளை விட்டுக்கொண்டு, இன்னொரு பக்கம் அழுத்தத்தால் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். இதில் நேரம் ஒரு பெரிய விஷயம். இறங்குவதற்குள் புழு தோலை உரித்துவிட்டால் பூஞ்சையும் பழைய தோலோடு போய்விடும். புழு தப்பித்துவிடும். படைப்புழு வளர்ந்து முடிக்கும் முன் ஐந்து தடவை தோலுரிக்கிறது. ஒவ்வொன்றும் அதற்கு ஒரு வாய்ப்பு.

உள்ளே போனதும் பூஞ்சை தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். இதுதான் எனக்கு இன்றைக்கும் அலுக்காத இடம். நூல் நூலாக வளராமல், ஈஸ்ட் போலத் துண்டு துண்டான அணுக்களாகப் பிரிந்து, புழுவின் ரத்தத்தில் மிதந்தபடி மொட்டுவிட்டுப் பெருகும். அந்த நாட்களில் வெளியே ஒன்றுமே தெரியாது. புழு தின்றுகொண்டுதான் இருக்கும். ரத்தத்தில் உள்ள சத்தெல்லாம் தீரத் தீர, அந்த அணுக்கள் மறுபடி இழைகளாக நீண்டு உறுப்புகளுக்குள் பாயும். தொற்றிய நாளிலிருந்து ஏறக்குறைய ஐந்து முதல் எட்டு நாளில் புழு சாகும். உடம்பு முழுக்க இழை அடைத்திருப்பதால்தான் அந்தக் குச்சி விறைப்பு.

செத்த பிறகு ஈரம் இருந்தால் இழைகள் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதுதான் நீங்கள் பார்த்த வெள்ளை. ஓரிரு நாளில் அந்த வெள்ளை மேல் வித்து கட்டும், அதுதான் பச்சை. ஈரம் இல்லையென்றால் இழை உடம்புக்குள்ளேயே காய்ந்து கிடக்கும், அடுத்த மழைக்கோ பனிக்கோ காத்துக்கொண்டு.

அதனால்தான் எரிக்க வேண்டாம் என்றேன். அந்தச் செத்த புழு ஒவ்வொன்றும் பூஞ்சையின் நாற்றங்கால். வெள்ளையாக இருப்பதைப் பிடுங்கி எரித்தால், நாளை மறுநாள் பச்சையாகி உங்கள் காடு முழுக்கப் போகவேண்டிய வித்தை எரிக்கிறீர்கள்.

மான்கோசெப் பூஞ்சைக்கொல்லி. பயிர் நோய்ப் பூஞ்சை, புழுப் பூஞ்சை என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அமெரிக்காவில் சோயா வயல்களில் பூஞ்சைக்கொல்லி அடித்த இடத்தில் இதே ரைலி பின்வாங்கி, புழு பெருகியதை 1970-களிலேயே கவனித்திருக்கிறார்கள்.

ஆத்தூர் செல்வம் | நவம்பர் 16, இரவு 8:15

அம்மா, இரண்டு தடவை படித்தேன். மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு சந்தேகம். கீழ்க்காட்டில் மட்டும் செத்திருக்கிறது, மேட்டுக்காட்டில் ஒன்றுகூட இல்லை. ஏன்?

கயல் பூச்சியியல் | நவம்பர் 16, இரவு 9:02

வாய்க்கால் ஓரம் ஈரம் அதிகம், காலைப் பனி காயத் தாமதமாகும். வித்து முளைக்கவும், செத்த உடம்பின் மேல் புது வித்து கட்டவும் ஈரக்காற்று வேண்டும். மக்காச்சோளக் குருத்தே ஒரு சின்ன ஈரக்கிண்ணம் மாதிரிதான், அதனால் இந்தப் பயிரில் அதற்குக் கொஞ்சம் சௌகரியம்.

ஆனால் பரவுவதற்கு ஈரம் மட்டும் போதாது. வித்து கட்டுவது ஈரத்தில், கிளம்புவது வறட்சியில். இரவில் பனி இறங்கி வித்து கட்டும். மறுநாள் வெயில் ஏறி, மாவு உலர்ந்து, காற்று அடித்தால்தான் அது புகையாகக் கிளம்பும். தொடர்ந்து அடைமழை என்றால் வித்து கழுவிக்கொண்டு மண்ணுக்குப் போய்விடும். ஈரமான இரவும் காய்ந்த பகலும் மாறி மாறி வரவேண்டும். மழை விட்டபிறகு வரும் இந்த இரண்டு வாரம்தான் உங்களுக்கு நல்ல நேரம். மேட்டுக்காட்டை அடுத்த வாரம் பாருங்கள்.

ஹரி மைக்ரோ | நவம்பர் 16, இரவு 10:20

நுண்ணுயிரியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கயல் அக்கா, இந்தப் பூஞ்சையில் ஆண் பெண் சேர்க்கை கிடையாதா? பாடத்தில் பூஞ்சைக்குப் பால்முறை இனப்பெருக்கம், பாலிலா இனப்பெருக்கம் இரண்டும் உண்டு என்று இருக்கிறது. நீங்கள் சொன்னது முழுக்க பாலிலா முறைதானே? அப்புறம், புழுவே இல்லாத கோடையில் இது எங்கே போகும்?

கயல் பூச்சியியல் | நவம்பர் 17, காலை 6:50

நல்ல கேள்வி ஹரி. ஆமாம், ரைலி வயலில் பரவுவது முழுக்க பாலிலா வித்தால்தான். ஒரு தாய் இழையிலிருந்து நகலெடுத்தது போலக் கோடி வித்து. சேர்க்கைக்கு ஜோடி தேட நேரம் வீணாகாது. ஈரமான பத்து நாள் கிடைத்தால் ஒரு தலைமுறை முடிந்துவிடும். வெள்ளைப் பூஞ்சையான பவேரியா பேசியானாவும் வயலில் இப்படித்தான். ஆனால் பவேரியாவுக்குப் பால்முறை வடிவம் ஒன்று கிழக்காசியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. பார்க்க வேறு ஏதோ காளான் போல இருக்கும், மரபணுவைப் பார்த்துத்தான் இரண்டும் ஒன்று என்று உறுதிப்படுத்தினார்கள்.

பால்முறையை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் இமயமலைக்குப் போக வேண்டும். உத்தராகண்டின் பித்தோராகட், சமோலி பக்கம் கீடா ஜடி என்கிறார்கள். நேபாளத்தில் யார்சாகும்பா. ஓபியோகார்டிசெப்ஸ் சைனன்சிஸ் என்பது அறிவியல் பெயர். 3,000 மீட்டருக்கு மேல் புல்வெளி மண்ணுக்குள் வேரைத் தின்று வாழும் ஒரு அந்துப்பூச்சியின் புழுவை அது பிடிக்கிறது. புழு மேல்மண்ணுக்குள் தலை மேலாகச் செத்துக் கிடக்க, பனி உருகும் காலத்தில் அதன் தலையிலிருந்து கரும்பழுப்பில் ஒரு விரல் நீளத் தண்டு மண்ணைத் துளைத்து வெளியே நீளும். அந்தத் தண்டில்தான் பால்முறை வித்துகள் பைபையாக உண்டாகி, நூல் போல வெளியேறிக் காற்றில் போகும். மண்ணுக்குள் இருக்கும் உடம்பிலிருந்து மாவு பறக்க வழியில்லை, அதனால் ஒரு புகைக்கூண்டு கட்டிக்கொள்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். மருந்துக்காக அந்தத் தண்டைப் புழுவோடு தோண்டி எடுக்கிறார்கள். வித்து விடும் முன்பே பறித்தால் அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சும்? 2020-இல் அது அழியும் வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

உன் இரண்டாவது கேள்விக்கு: ரைலி கோடையில் மண்ணில் இருக்கும். உதிர்ந்த உடம்போடும், கழுவி இறங்கிய வித்தாகவும். அடுத்த பயிரில் மழைத்துளி தெறிக்கும்போது மண்ணோடு சேர்ந்து அடி இலைக்கு ஏறும். முதல் நோய் பெரும்பாலும் அங்கிருந்துதான். வெயில்தான் அதற்கு எமன். நேர் வெயிலில் இலை மேல் கிடக்கும் வித்து சில நாளுக்கு மேல் தாங்காது, புற ஊதாக் கதிர் கொன்றுவிடும்.

மேப்பிள் நிழல் | நவம்பர் 17, மதியம் 12:15

மாசசூசெட்ஸிலிருந்து எழுதுகிறேன். விவசாயம் தெரியாது, ஆனால் இதே மாதிரி ஒன்றைக் கண்ணால் பார்த்ததால் சொல்லத் தோன்றுகிறது.

இங்கே ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி என்று ஒன்று. 2022 வரை ஜிப்சி அந்துப்பூச்சி என்று அழைத்தார்கள். 1860-களின் கடைசியில் மெட்ஃபர்ட் என்ற ஊரில் பட்டு ஆராய்ச்சிக்காக ஐரோப்பாவிலிருந்து ஒருவர் கொண்டுவந்தது தப்பித்துக் காடு முழுக்கப் போய்விட்டது. 2016-இலும் 2017-இலும் எங்கள் தெருவில் ஓக் மரங்கள் ஜூன் மாதத்தில் மொட்டையாக நின்றன. அதற்கு முந்தைய வருடங்களில் வறட்சி. 2017 மே, ஜூனில் நல்ல மழை. அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் அடிமரம் முழுக்கப் புழு தலைகீழாக, நேராக, காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கில். என் மகள் பயந்துவிட்டாள். வனத்துறை விளக்கத்தில் என்டோமோஃபேகா மைமைகா என்ற பூஞ்சை என்று படித்தேன். 1910-லும் 1911-லும் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து பாஸ்டன் பக்கம் விட்டுப் பார்த்தார்களாம், ஒன்றும் நடக்கவில்லை. 1989-இல் திடீரென்று பல மாநிலங்களில் புழு செத்தபோதுதான் பூஞ்சை இருப்பது தெரிந்தது.

கயல் பூச்சியியல் | நவம்பர் 17, மதியம் 1:05

மேப்பிள் நிழல், இதைச் சொன்னதற்கு மிக்க நன்றி. அது முற்றிலும் வேறு குலத்துப் பூஞ்சை, பரவும் விதமும் வேறு. ரைலியின் மாவு காற்று வந்து எடுத்துப்போகக் காத்திருக்கும். மைமைகா காத்திருக்காது, செத்த புழுவின் மேலிருந்து வித்தைத் தானே சுண்டிவிடும். ஈர இரவுகளில் பீரங்கி மாதிரி. சின்னப் பருவத்தில் செத்த புழுக்கள் இப்படிச் சுண்டும் வித்தைத்தான் தரும். பெரிய புழுக்கள் செத்தால் உடம்புக்குள் தடித்த இரட்டைச் சுவர் கொண்ட ஓய்வு வித்துகளும் கட்டும். அந்த உடம்பு மரத்தடியில் விழுந்து மட்கி, ஓய்வு வித்து மண்ணில் பத்து வருடம்கூடத் தாங்கும். வசந்தத்தில் புழு பொரிக்கும் நேரம் பார்த்துச் சிலது முளைக்கும், மீதி அடுத்தடுத்த வருடத்துக்கு. உங்கள் ஓக் மரத்தடி மண்ணில் அந்த 2017-ஆம் வருட வித்து இன்னும் இருக்கலாம்.

கரிசல் முத்து | நவம்பர் 17, மாலை 5:40

தாயி, விளக்கம் நன்றாக இருக்கிறது. என் கேள்விக்குப் பதில் வரவில்லையே. பூஞ்சை வரும்வரை நான் என்ன செய்ய? எங்கள் கரிசலில் வாய்க்காலும் இல்லை, ஈரமும் இல்லை. போன வருடம் பாக்கெட்டில் விற்கிற மெட்டாரைசியம் வாங்கி அடித்தேன், ஒரு புழுகூட விறைக்கவில்லை. இன்னொன்று. எங்கள் காட்டில் சில புழு கொழகொழவென்று தலைகீழாகத் தொங்குகிறது, தொட்டால் தோல் கிழிந்து தண்ணீராக ஒழுகுகிறது. அதுவும் இதே நோயா?

கயல் பூச்சியியல் | நவம்பர் 17, இரவு 9:10

அண்ணாச்சி, ஒழுகுவது வைரஸ், என்.பி.வி. பூஞ்சையில் செத்தது காய்ந்து விறைக்கும், வைரஸில் செத்தது இளகித் தொங்கும். கறுத்து நாறினால் பெரும்பாலும் பாக்டீரியா. வைரஸும் உங்கள் பக்கம்தான் வேலை செய்கிறது, அதையும் விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. இயற்கையாக வரும் பூஞ்சை தாமதமாகத்தான் வரும், அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஒரு புழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டுமென்றால் பக்கத்தில் புழு இருக்க வேண்டும். புழு பெருகினால்தான் நோய் பெருகும். படைப்புழு வேறு ஒன்றையொன்று கடித்துத் தின்று குருத்துக்கு ஒன்றாக ஒதுங்கிவிடுகிறது, அதனால் தொட்டுப் பரவும் வாய்ப்பும் குறைவு. நீங்கள் கதிர் நேரத்தில் பார்த்தது இதைத்தான். ஆகவே 15 முதல் 25 நாள் பயிரிலேயே, புழு குட்டியாக இருக்கும்போதே, நாமே வித்தைக் கொண்டுபோய்க் குருத்தில் வைக்க வேண்டும். டால்க் பொடியில் வரும் மெட்டாரைசியம் அனைசோப்ளியே என்றால் லிட்டருக்கு 5 கிராம், அரிசியில் வளர்த்த ரைலி என்றால் 3 கிராம் என்பது பரிந்துரை. கோடை உழவும், கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கும், இனக்கவர்ச்சிப் பொறியும் இதோடு சேர வேண்டும். புழு கைமீறிப் போனால் மருந்து அடிக்கத்தான் வேண்டும், அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

நீங்கள் வாங்கிய பாக்கெட் ஏன் வேலை செய்யவில்லை என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. ஆனால் உள்ளே இருப்பது உயிர். தகரக் கூரைக்கடியில் கோடை முழுக்கக் கிடந்தால் செத்துவிடும். அடுத்த தடவை வாங்கினால் காட்டுக்கு அடிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆரோக்கியமான புழு பத்துப் பிடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போடுங்கள், சேர்த்துப் போட்டால் கடித்துக்கொள்ளும். கரைசலில் நனைத்த இலைத்துண்டு, கொஞ்சம் ஈரப்பஞ்சு, மூடியில் துளை. இன்னும் ஐந்து டப்பாவில் வெறும் தண்ணீரில் நனைத்த இலை. நிழலில் வைத்து எட்டு நாள் பாருங்கள். பத்தில் ஏழெட்டு விறைத்தால் பாக்கெட்டில் உயிர் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லையென்றால் பணத்தை அதில் போடாதீர்கள்.

அடிப்பது மாலை நான்கு மணிக்கு மேல், குருத்துக்குள் இறங்கும்படி. கரிசலில் மழை வெறித்த மறுநாள் மாலை இதற்குச் சரியான நேரம். காலை பத்து மணி வெயிலில் அடித்தால் வித்து முளைக்கும் முன்பே கருகிவிடும்.

ஆத்தூர் செல்வம் | நவம்பர் 18, காலை 7:25

கீழ்க்காட்டில் செத்திருக்கும் புழுவையே பொறுக்கி, தண்ணீரில் கரைத்து, மேட்டுக்காட்டில் அடித்தால் என்ன? பாக்கெட் வாங்க வேண்டாமே.

கயல் பூச்சியியல் | நவம்பர் 18, காலை 8:05

அடிக்கலாம் அண்ணா. ஆனால் பச்சையாகிவிட்டதை மட்டும் எடுங்கள். வெள்ளையில் வித்து இன்னும் கட்டவில்லை, அதைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். பச்சையிலும் எல்லாவற்றையும் பொறுக்காதீர்கள், பாதிக்கு மேல் அங்கேயே இருக்கட்டும். வாய், மூக்கை மூடிக் கட்டிக்கொள்ளுங்கள், மாவு உள்ளே போனால் சிலருக்கு ஒவ்வாமை வரும். வெறும் தண்ணீரில் வித்து கரையாது, மேலேயே மிதக்கும். இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுக் கலக்கி, துணியில் வடிகட்டி, அன்று மாலையே அடித்துவிடுங்கள். டேங்கில் முன்பு பூஞ்சைக்கொல்லி ஊற்றியிருந்தால் நன்றாகக் கழுவிவிட்டு ஊற்றுங்கள்.

பாக்கெட்டை விட இதில் ஒரு நன்மையும் உண்டு. ஆய்வகத்தில் செயற்கை உணவிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் பூஞ்சைக்குப் புழுவைக் கொல்லும் வீரியம் குறைந்துகொண்டே வரும். அப்படிக் குறைந்தால் நாங்களே அதை ஒரு தடவை உயிருள்ள புழுவின் வழியாக அனுப்பித்தான் மீட்போம். உங்கள் காட்டில் இருப்பது நேற்று புழுவைக் கொன்றுவிட்டு வந்தது. எத்தனை வித்து இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க முடியாது என்பது மட்டும்தான் குறை.

பட்டுக்கூடு மணிமேகலை | நவம்பர் 18, மதியம் 2:30

இதைப் படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நான் பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறேன். நீங்கள் கொண்டாடும் இதே வெள்ளையைத்தான் நாங்கள் சுண்ணாம்புக் கட்டு நோய் என்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில், நான்காம் தோலுரிப்பு முடிந்து நாலு நாள், ஒரு தட்டில் ஐந்தாறு புழு விறைத்துக் கிடந்தது. மழையில் ஆள் வரவில்லை, நாளைக்குப் பொறுக்கலாம் என்று விட்டேன். மறுநாள் வெள்ளை பூத்துவிட்டது. அந்த ஈட்டில், அதாவது அந்தத் தடவை வளர்த்த புழுவில், கூடு பாதிக்கும் குறைவு. இரவெல்லாம் உட்கார்ந்து பொறுக்கியும் நிற்கவில்லை.

செல்வம் அண்ணா காட்டில் விடச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் பட்டுக்காரர்கள் யாராவது இந்தப் பதிவுகளைப் படித்துவிட்டு விட்டுவிடப் போகிறார்கள். எங்களுக்குச் சட்டமே வேறு. விறைத்த புழுவை வெள்ளை பூக்கும் முன் பொறுக்கி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். தோலுரிப்பில் நீற்றிய சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையை உலர வைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து ஈரத்தைக் குறைக்க வேண்டும். ஈடு முடிந்ததும் வளர்ப்பு மனை முழுக்கக் கிருமிநாசினி.

கயல் பூச்சியியல் | நவம்பர் 18, மாலை 6:20

மணிமேகலை அக்கா, இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். விட்டது என் தவறு. நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் சரி.

உங்கள் புழுவின் வழியாகத்தான் உலகத்துக்கே வெள்ளைப் பூஞ்சையான பவேரியா தெரியவந்தது. இத்தாலியில் அகஸ்டினோ பாஸி என்பவர் பட்டுப்புழுக்கள் வெள்ளை பூத்துச் சாவது ஏன் என்று 1807-இல் ஆராயத் தொடங்கி, 1835-இல் வெளியிட்டார். அந்த வெள்ளை ஒரு உயிர், அது ஒரு புழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிறது என்று காட்டினார். பாஸ்டருக்கு முன்பே, நுண்ணுயிர் ஒன்று விலங்குக்கு நோய் தரும் என்று நிறுவியவர் அவர்தான். பவேரியா பேசியானா என்ற பெயரில் உள்ள பேசியானா அவர் நினைவாக வைத்தது. ஈரத்தைக் குறை, செத்ததை அகற்று, மனையைச் சுத்தம் செய் என்று அவர் அன்று சொன்னதைத்தான் நீங்கள் இன்று செய்கிறீர்கள்.

மக்காச்சோளக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பவேரியாவும் ரைலியும் பட்டுப்புழுவைப் பிடிக்கும். ரைலியால் வருவதைப் பச்சைக் கட்டு நோய் என்றே சொல்வார்கள். பக்கத்தில் மல்பெரித் தோட்டமோ வளர்ப்பு மனையோ இருந்தால் பூஞ்சைக் கரைசலை அடிக்காதீர்கள். காட்டில் நின்ற துணியோடும் செருப்போடும் பட்டு மனைக்குள் போகாதீர்கள்.

ஆத்தூர் செல்வம் | நவம்பர் 18, இரவு 8:40

இதைக் கேட்டதும் ஒன்று உறைத்தது. என் தங்கை அரூரில் பட்டு வளர்க்கிறாள். வருடா வருடம் அறுவடை முடிந்ததும் அவள் மாட்டுக்கு இங்கிருந்து ஒரு டிராக்டர் தட்டை போகும். இந்த வருடம் அனுப்பலாமா?

பட்டுக்கூடு மணிமேகலை | நவம்பர் 18, இரவு 8:52

வேண்டாம் அண்ணா. மாட்டுக்கொட்டகையும் வளர்ப்பு மனையும் பெரும்பாலும் ஒரே வாசலில்தான் இருக்கும். தட்டையை உதறும்போது தூசி எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கயல் பூச்சியியல் | நவம்பர் 18, இரவு 9:15

நானும் அதையே சொல்வேன். அறுவடைக்குள் வெயிலில் நிறைய வித்து செத்திருக்கும், ஆனால் இலை உறைக்குள்ளும் காய்ந்த குருத்துக்குள்ளும் ஒட்டிய உடம்புகள் இருக்கும். உள்ளூரில் பட்டு இல்லாத வீட்டு மாட்டுக்குக் கொடுங்கள், மாட்டுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

ஆத்தூர் செல்வம் | டிசம்பர் 2, காலை 9:30

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் தேதி மாலை பச்சைப் புழு அறுபது போலப் பொறுக்கி, சோப்பு விட்டுக் கலக்கி, மேட்டுக்காட்டில் கிழக்கே பத்து வரிசைக்கு மட்டும் அடித்தேன். கயல் அம்மா சொன்ன டப்பா சோதனையும் வைத்தேன். பத்தில் ஏழு விறைத்தது, ஆறு வெள்ளை பூத்து அதில் நான்கு பச்சை. தண்ணீர் டப்பாவில் ஐந்தும் உயிரோடு, இரண்டு கூட்டுப்புழுவாகிவிட்டது.

காட்டில் அந்தப் பத்து வரிசையில் நேற்று எண்ணினேன். நூறு செடியில் பதினேழு விறைத்த புழு, உயிரோடு ஒன்பது. அடிக்காத மேற்கு வரிசையிலும் நூறுக்கு நான்கு விறைத்திருக்கிறது, காற்றில் போனதா முன்பே இருந்ததா தெரியவில்லை. பெரிய புழு சிலது தப்பித்துக் கதிருக்குள் போய்விட்டது, முத்து அண்ணாச்சி சொன்ன மாதிரி. இரண்டாவது எமாமெக்டின் அடிக்கவில்லை.

கரிசல் முத்து | டிசம்பர் 2, காலை 11:10

தம்பி, அந்த வாய்க்கால் ஓரத்து மண்ணை அடுத்த வருடமும் பாருங்கள், முதல் விறைப்பு எத்தனையாவது நாள் என்று குறித்து வையுங்கள். நானும் தை மழை ஏதாவது வந்தால் டப்பா வைத்துப் பார்க்கிறேன்.

ஆத்தூர் செல்வம் | டிசம்பர் 2, மதியம் 12:45

குறித்து வைக்கிறேன் அண்ணாச்சி. தங்கையிடம் பேசிவிட்டேன். இந்த வருடம் அரூரிலேயே சோளத்தட்டை வாங்கிக்கொள்கிறாள், பணம் நான் அனுப்புகிறேன். பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போகும்போது மனைப் பக்கம் போகமாட்டேன் என்று சொன்னேன். "வாசலிலேயே குளித்துவிட்டு வா அண்ணா, வேட்டி நான் எடுத்து வைக்கிறேன்" என்றாள்.